ஈக்கள் மறந்த நாள்

நான் ஈக்குச் சோறாக்குகிறேன். வேலை அதுதான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்ன வேலை என்று கேட்பார்கள். சொன்னால் சிரிப்பார்கள். ஒரு தடவை அலங்காநல்லூர் பஸ்ஸில் ஒருத்தி, "நாங்க ஈயை விரட்ட முடியாமச் சாகுறோம், நீ சோறு வேற போடுறியாக்கும்" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

ஊரிலிருந்து மதுரை ஆரப்பாளையம் வரை ஒரு பஸ். அங்கிருந்து இன்னொன்று. நகரத்துக்கு வெளியே ஒரு கல்லூரி. உயிரியல் கட்டடத்தின் மாடியில் கடைசி அறை. புருஷன் போன பிறகு ஒப்பந்த வேலையாகச் சேர்ந்தேன். முதலில் தரை துடைத்தேன். ஒரு நாள் அந்த அறையின் பேராசிரியர், சார், வந்து, சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கடல்பாசி. பெரிய பாத்திரத்தில் போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் அடிப்பிடிக்கும். ஆறுவதற்கு முன் கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, பஞ்சால் வாயை அடைக்க வேண்டும். அதுதான் ஈக்கு வீடு, அதுதான் சோறு. இது சாக்கடை ஈ இல்லை. அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்குமே, எள்ளு மாதிரி, சிவந்த கண்ணோடு, அந்தப் பழ ஈ.

அந்த அறையில் ஒரு பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மதுரை டவுனுக்குள் அத்தர் கடை வைத்திருக்கும் பாயின் மகள். நான் முதல் நாள் கடல்பாசி காய்ச்சியபோது அவள் வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல நோன்புக்குக் காய்ச்சுவோம்க்கா. பால் ஊத்தி, ரோஸ் கலர் போட்டு."

"ஈக்கு ரோஸ் கலர் வேணுமா?"

"அதுக்கு நோன்பு இல்லக்கா. சும்மாவே திங்கும்."

அப்படித்தான் பழக்கம் ஆனோம். அவள் அதிகம் பேசுவாள். நான் கேட்பேன். எனக்கு அது சரியாக இருந்தது.

அவள் என்ன படிக்கிறாள் என்று ரொம்ப நாள் நான் கேட்கவில்லை. கேட்டாலும் புரியாது என்று நினைத்தேன். அவளாகத்தான் சொன்னாள். புட்டி கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தொட்டியில் அவள் கை கழுவினாள்.

"அக்கா, உங்க வீட்டுப் பத்திரம் எங்க இருக்கு?"

"டிரங்குப் பெட்டியில."

"எங்கயாச்சும் கேட்டா அதையே கொண்டு போவீங்களா?"

"அதை ஏன் கொண்டு போறேன். ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பேன்."

"அம்புட்டுதான்க்கா. ஒவ்வொரு உயிருக்குள்ளயும் ஒரு பத்திரம் இருக்கு. அது பெட்டியை விட்டு வெளிய வராது. ஜெராக்ஸ்தான் வெளிய வந்து வேலை பாக்கும். அந்த ஜெராக்ஸுக்குப் பேரு ஆர்.என்.ஏ. இதுல என்ன விசேஷம்னா, ஜெராக்ஸ் வெளிய வந்ததும் சில இடத்துல ஒரு எழுத்தை மட்டும் மாத்தி எழுதிருது. பத்திரத்துல ஒன்னு இருக்கும். ஜெராக்ஸ்ல வேற."

"ஜெராக்ஸ்ல கை வச்சா ஜெயில்ல போடுவான்மா."

அவள் சிரித்தாள். "இங்க திருத்தலைன்னாத்தான்க்கா ஜெயிலு. எலிக்குட்டிக்கு மூளையில ஒரு இடத்துல அந்த ஒத்தை எழுத்தைத் திருத்தலைன்னா வலிப்பு வந்து செத்துப்போகும். பத்திரத்துல எழுதினவன் ஒன்னு எழுதிட்டான். உள்ள இருக்கிற ஒருத்தன் பார்த்து, இது இங்க ஆகாது, இப்பிடி இருக்கட்டும்னு மாத்துறான். அதுவும் மூளையிலதான் நெறைய மாத்துறான்."

"ஏன் மூளையில?"

"அதைத்தான்க்கா நான் ஈகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

அவளுடைய கேள்வி இதுதான். அந்தத் திருத்தத்தை நிறுத்திவிட்டால், கற்றுக்கொண்டது மனதில் நிற்குமா, நிற்காதா.

உடம்பு முழுக்கத் திருத்தம் நின்றுபோன ஈக்களும் அங்கே இருந்தன. ஒரு புட்டியை எடுத்துக் காட்டினாள். அவை நேராக நடக்கவில்லை. தள்ளாடின. இரண்டடி நடந்து நின்று, காலால் தலையைத் துடைத்தன. மறுபடி துடைத்தன. துடைத்துக்கொண்டே இருந்தன. என் புருஷன் ராத்திரி வீட்டுக்கு வரும் நடை அப்படித்தான் இருக்கும். புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"இதுங்கள வச்சு ஒன்னும் கேக்க முடியாதுக்கா. நடக்கவே முடியாததுகிட்ட ஞாபகம் இருக்கான்னு எப்பிடிக் கேக்கிறது?" என்றாள்.

அதனால் அவள் வேறு ஈ உண்டாக்கினாள். உடம்பெல்லாம் நன்றாக இருக்கும். நடக்கும், பறக்கும். தலைக்குள் வாசனையை ஞாபகம் வைக்கிற சின்ன இடத்தில் மட்டும் திருத்தம் நின்றிருக்கும். எந்த ஈயை எதோடு சேர்ப்பது என்று பார்த்துப் பார்த்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தாள். மயக்க வாயுவில் தூங்கவைத்து, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் தூரிகையால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, பிரித்து வைப்பாள். கழுத்து வலித்தால் எழுந்து சுவரில் தலையைச் சாய்த்து நிற்பாள். மறுபடி உட்காருவாள். வருஷக்கணக்கில் அதைச் செய்தாள். நான் சேர்வதற்கு முன்பே ஆரம்பித்திருந்தாள்.

ஈக்குப் பாடம் நடத்துவதை நான் பார்த்தேன். முதலில் நம்பவில்லை.

பிளாஸ்டிக் டியூபுக்குள் ஈக்களை விடுவாள். ஒரு வாசனை உள்ளே வரும். வாழைப்பழம் மாதிரி. அது வரும்போது காலுக்கு அடியில் லேசாகக் கரண்ட் அடிக்கும். பிறகு வேறு வாசனை, காளான் மாதிரி. அப்போது கரண்ட் இல்லை. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. பிறகு மறுபடி. கடைசியில் ஒரு பக்கம் வாழைப்பழ வாசனை, ஒரு பக்கம் காளான் வாசனை உள்ள டியூபின் நடுவில் ஈக்களை விடுவாள். பாடம் ஏறியிருந்தால் காளான் பக்கம் ஓடும். எல்லாம் சிவப்பு விளக்கில். சிவப்பு ஈக்குத் தெரியாதாம்.

"இடைவெளி விட்டு விட்டுச் சொல்லிக்குடுத்தாத்தான்க்கா மறுநாள் வரைக்கும் நிக்கும். ஒரே மூச்சுல சொல்லிக்குடுத்தா சாயங்காலமே மறந்துரும்" என்றாள்.

நான் ஐந்தாவது வரை படித்தேன். எங்களுக்கு ஒரே மூச்சில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

எள்ளு அளவு உயிர். அதன் தலை எம்புட்டு இருக்கும். அதற்குள் ஒரு வாசனையும், அந்த வாசனைக்கு ஒரு பயமும் மறுநாள் வரை இருக்கிறது. அன்றைக்கு நான் பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் கொய்யாப்பழத்தில் ஈ. விரட்டவில்லை.

அவளுக்கு என்னால் ஆகவேண்டிய வேலை ஒன்று இருந்தது. நல்ல ஈ ஒரு கூட்டம். திருத்தம் நின்ற ஈ ஒரு கூட்டம். பார்க்க இரண்டும் ஒன்று போல இருக்கும். எண்ணும்போது எது எது என்று அவளுக்குத் தெரியக்கூடாதாம்.

"தெரிஞ்சிட்டா எனக்கு வேணுங்கிற மாதிரி எண்ணிருவேன்க்கா. வேணும்னு இல்ல. கண்ணு அதுவா செய்யும்."

"உன்னையே நீ நம்ப மாட்டியா?"

"என்னைத்தான்க்கா முதல்ல நம்பக்கூடாது."

அதனால் புட்டிகளில் நான் கலர் சீட்டு ஒட்டுவேன். ஒரு கூட்டத்துக்கு மஞ்சள், ஒரு கூட்டத்துக்குப் பச்சை. எதற்கு எது என்பது எனக்கு மட்டும் தெரியும். முதல் தடவையே எச்சரித்தாள்.

"மஞ்சள் மங்களம்னு அதை நல்ல ஈக்கு ஒட்டிராதீங்க. எனக்குத் தெரிஞ்சிரும். காசு சுண்டிப் போட்டு முடிவு பண்ணுங்க."

நான் அதைத்தான் செய்ய இருந்தேன். சொல்லவில்லை. காசு சுண்டினேன்.

அவள் எண்ணும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நான் அறைக்குள் இருந்தால் திரும்பி உட்காருவாள். என் முகம் எதையும் காட்டாத முகம் என்று ஊரில் சொல்வார்கள். இருந்தாலும் அவள் பார்க்க மாட்டாள். அவளிடம் எனக்கு மரியாதை வந்தது அதில்தான்.

அந்த வருஷம் புரட்டாசிக்கு முன்பு முதல் விடை வந்தது. பாடம் நடத்திய உடனே கேட்டால் இரண்டு கூட்டமும் சரியாகச் சொன்னது. மறுநாள் கேட்டால் ஒரு கூட்டத்துக்கு ஞாபகம் இருந்தது. இன்னொன்றுக்கு இல்லை. மறந்த கூட்டம் எது என்று நான் சொன்னேன். திருத்தம் இல்லாத கூட்டம்.

சார் சந்தோஷப்பட்டார். ஐப்பசிக் கடைசியில் கமிட்டி வைக்கலாம் என்றார். வெளியூரிலிருந்து பெரியவர்கள் வந்து கேள்வி கேட்பார்கள். அதில் தேறினால் எழுதி முடித்துப் பட்டம் வாங்கலாம். அவளுக்கு ஏற்கெனவே ஒரு தடவை தவணை நீட்டியிருந்தார்கள். இனி நீட்டமாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும். அதற்குள் இன்னொரு தடவை மொத்தத்தையும் செய்து பார்த்துவிடுகிறேன் என்று அவள் சொன்னாள். சார் சரி என்றார்.

இடையில் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கட்டடத்தில் அது பெரிய விசேஷம். எல்லா மெஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். மைக்ரோஸ்கோப்புக்குப் பொட்டு. ஃப்ரிட்ஜுக்குப் பொட்டு. ஸ்டோர் அண்ணன்தான் முன்னால் நிற்பார். அங்கே எல்லோருக்கும் மூத்தவர், சாமான் அறைச் சாவி அவரிடம்தான். அவள் ஒவ்வொரு வருஷமும் பொரிகடலை பொட்டலம் கட்டித் தருவாள். அன்றைக்கும் கட்டினாள்.

"பாப்பா, உன் ஈக்கும் பொட்டு வச்சிரவா?" என்றார் ஸ்டோர் அண்ணன்.

"வைங்க அண்ணே. பிடிச்சு நீங்களே வைங்க."

"பிடிக்கத்தான் உன் மாதிரி ஆளு வேணும்."

ஈ அறைக்குள் மட்டும் சாம்பிராணி போகக்கூடாது என்று சொல்லி, கதவைச் சாத்தி, கீழே ஈரத்துணியும் போட்டாள். அதையெல்லாம் அவள் மறக்கமாட்டாள். பூஜை முடிந்தது. லீவு விட்டார்கள்.

லீவு முடிந்து வந்து பாடம் நடத்தினாள். ஒன்றும் ஏறவில்லை.

திருத்தம் நின்ற ஈ மறந்தால் சரி. நல்ல ஈயும் மறந்தது. மறுநாள் வரை போக வேண்டியதில்லை, உடனே கேட்டாலே தெரியவில்லை. இரண்டு பக்கமும் போகாமல் நடுவிலேயே நின்றன. மஞ்சள் பச்சை என்று நான் சொல்ல வேண்டிய வேலையே இல்லை. இரண்டும் ஒன்று.

முதலில் என் சோற்றைப் பார்த்தாள். கேட்கச் சங்கடப்பட்டாள். நானே பாத்திரத்தைத் தூக்கி முன்னால் வைத்தேன். மாவு பழைய மாவுதான். சர்க்கரை அதே கடை. பிறகு கரண்ட் பெட்டியைச் சோதித்தாள். ஏ.சி.யைச் சோதித்தாள். நான் கை கழுவும் சோப்பை மோந்து பார்த்தாள். வாசனைத் திரவங்களைப் புதிதாக வாங்கினாள். பாடம் நடத்தினாள். நடுவிலேயே நின்றன.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைப்பாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடு என்று சொல்லவில்லை. திறந்து முன்னால் வைத்துவிட்டுப் போவேன். கொஞ்சம் சாப்பிடுவாள்.

சார் நல்ல மனிதர். ஒரு நாள் வந்து அவள் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல் தடவை வந்ததை வச்சு எழுதிரும்மா. அது சுத்தமா இருக்கு. கமிட்டிக்கு அது போதும். இது ஏதோ சின்னக் கோளாறு."

"சார், இப்ப எதனால தப்பா வருதுன்னு தெரியல. அப்ப முன்னாடி எதனால சரியா வந்துச்சுன்னும் எனக்குத் தெரியாதுதானே?"

"கண்டுபிடிக்க முடியலைன்னா?" என்று கேட்டார்.

"கமிட்டியில அதையே சொல்லிருவேன் சார். ஒரு தடவை வந்துச்சு, மறுதடவை வரலைன்னு."

"அப்ப பட்டம் வராதும்மா."

"தெரியும் சார்."

இதை அவள் அழாமல் சொன்னாள். நான் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீரை நிறுத்தினேன். பிறகு திறந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பஞ்சு வாங்க டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. அவளும் கூட வந்தாள். வேலை முடிந்ததும், "அத்தா கடைக்கு வாங்கக்கா, டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள்.

பள்ளிவாசல் தெருவில் சின்னக் கடை. நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். சுவர் முழுக்கக் குட்டிக் குட்டிப் புட்டிகள். எனக்கு உள்ளே போனதும் தலை சுற்றியது. பாய் எழுந்து நின்று, "வாங்கம்மா, உக்காருங்க. ஈ எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டார்.

"சௌக்கியம் பாய். பாடம்தான் ஏறல."

"பரவாயில்ல. எனக்கும் ஏறுனதில்ல."

யாரோ புது மல்லிகை அத்தர் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். வாங்கலாமா என்று பார்க்க வேண்டும். பாய் புட்டியைக் கையில் எடுத்தார். திறக்கவில்லை. கல்லாவை விட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். தெருமுனை டீக்கடைப் பக்கம் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். சாக்கடை ஓரம் நின்றார். திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே புட்டியைத் திறந்து மோந்தார். வேண்டாம் என்று மூடினார்.

எதற்கு வெளியே போனீர்கள் என்று கேட்டேன்.

"காலையில இருந்து இதுக்குள்ளயே கெடக்கேன்ல. மூக்கு செத்துக் கெடக்கும்மா. இங்க என்ன வாசம் அடிக்குதுன்னு எனக்கே தெரியாது. வெளிய போயி டீ வாசம், சாக்கடை வாசம்னு எதையாச்சும் மோந்தாத்தான் அதுக்கு உசிரு வரும்."

மகள் சின்ன வயதிலிருந்து பார்த்த விஷயம். அன்றைக்கு டீ கிளாஸைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள். டீயில் ஆடை படர்கிற வரைக்கும் நின்றாள்.

"என்னம்மா?" என்றார் பாய்.

"ஒன்னும் இல்ல அத்தா" என்றாள். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை நான் வரும்போது அவள் கல்லூரி கேட் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வேப்பமரத்தடியில், சும்மா. ரோட்டில் லாரி போகிறது. புழுதி. பஸ் வரவில்லையா, ஏன் இங்கே நிற்கிறாய் என்றேன்.

"மூக்குக்கு உசிரு குடுக்கிறேன்க்கா."

கட்டடத்துக்குள் போய், நேரே ஈ அறையில் ஒவ்வொரு சாமானாக எடுத்து மோந்தாள். சோறு. பஞ்சு. தூரிகை. மேஜை. பாதியில் மறுபடி கேட் வரை போய்விட்டு வந்தாள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியைத் திறந்தாள். பாடம் நடத்தும் டியூப்கள் அதில்தான் இருக்கும். ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"அக்கா, இது என்ன வாசம்?"

மோந்து பார்த்தேன். "ஒன்னும் இல்லையே."

"கேட் வரைக்கும் போயிட்டு வாங்க."

போனேன். நின்றேன். ஒரு பஸ் புகையை விட்டுவிட்டுப் போனது. திரும்பி வந்து டியூபை வாங்கி மோந்தேன். கோயிலுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

"சூடம்" என்றேன்.

அலமாரியின் மேல்தட்டில், பின்னால், செய்தித்தாளில் சுற்றி ஒரு பொட்டலம். பூஜையில் மிச்சமான சூடம், சந்தனம், குங்குமம். சூடம் பாதி கரைந்து போயிருந்தது. கரைந்தது எங்கே போயிருக்கும். பிளாஸ்டிக் குடித்திருந்தது. எந்தப் பக்கம் ஓடினாலும் ஈக்குச் சூடம். அதற்கு அது ஆகாது. வாழைப்பழமும் காளானும் அதற்குள் அமுங்கிப்போனது. அதான் நடுவில் நின்றிருக்கிறது, பாவம்.

எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்றால், சூடம் எங்களுக்கு ஒரு வாசனையே இல்லை. சுத்தமாக இருக்கிற இடத்தில் அடிக்கிற வாசனை அது. அடித்தால்தான் சரி என்று இருப்போம்.

ஸ்டோர் அண்ணனைக் கூப்பிட்டோம். வந்து பொட்டலத்தைப் பார்த்தார்.

"நான் வச்சேனா, நீ வச்சியா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியல அண்ணே."

சாரும் வந்தார். அவருக்கும் தெரியவில்லை. "ஞாபகத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ற இடம். ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல" என்றார்.

ஸ்டோர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "யாரு வச்சாலும் அங்கதான் பாப்பா வச்சிருப்போம். சாமி சாமானைக் கால் படுற இடத்துல வைக்க முடியுமா? இந்தக் கட்டடத்துலயே சுத்தமான இடம் உன் அலமாரிதான்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். பட்டிருந்தால் தப்பில்லை.

"எங்க வீட்டுலயும் அப்பிடித்தான் அண்ணே. பள்ளிவாசல்ல ஓதி ஊதுன தண்ணிய ஃப்ரிட்ஜுல மேல்தட்டுலதான் வைப்பாங்க. மீனு கீழ" என்றாள். பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

டியூப்களை நான் வெந்நீரில் கழுவினேன். போகவில்லை. வெயிலில் வைத்தேன். போகவில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புது டியூப் வாங்கினார்கள். வந்துசேர நாளாகிவிட்டது. கமிட்டி நெருங்கிவிட்டது. ஒரு தடவை செய்து பார்க்க நேரம் இருந்தது. இழுத்துப் பிடித்தால் இரண்டு தடவை.

நான் புதுச் சோறு ஆக்கினேன். காசு சுண்டினேன். சீட்டு ஒட்டினேன். மனதில் வைத்துக்கொண்டேன்.

சூடம் கண்டுபிடித்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஸ்டோர் அண்ணன் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் அப்படி நினைக்கவில்லை. இரண்டாம் தடவை ஏன் கெட்டது என்று தெரிந்துவிட்டது. முதல் தடவை வந்தது நிஜமா என்று இன்னும் தெரியாது. திருத்தம் நின்ற ஈக்கும் மறுநாள் ஞாபகம் இருந்துவிட்டால் அவள் வருஷக்கணக்காகச் சொன்னது பொய். அதையும் கமிட்டியில் சொல்லத்தான் போகிறாள். எனக்கு அவளைத் தெரியும்.

பாடம் நடத்தினாள். இடைவெளி விட்டு, விட்டு. உடனே கேட்டாள். இரண்டு கூட்டமும் காளான் பக்கம் ஓடியது. அதுவரை நடுவில் நின்றவை ஓடியதைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது. அவள் முகம் மாறவில்லை. உடனே சொல்வது பெரிதில்லை. மறுநாள்தான்.

மறுநாள் சீக்கிரமே போனேன். அவள் எனக்கு முன்னால் வந்திருந்தாள். சிவப்பு விளக்கில் டியூபுக்குள் விட்டாள். நேரம் பார்த்து நிறுத்தினாள். ஒவ்வொரு பக்கத்து ஈயையும் தூங்கவைத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தூரிகையால் தள்ளித் தள்ளி எண்ணினாள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் போகலாம். போகவில்லை. கழுவிய புட்டியையே மறுபடி கழுவினேன்.

ஒரு தடவை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். தூரிகையைக் கீழே வைத்தாள். திரும்பவில்லை.

"மஞ்சளுக்கு ஞாபகம் இருக்குக்கா. முக்கால்வாசி காளான் பக்கம்."

"ம்."

"பச்சை மறந்துருச்சு. பாதிக்குப் பாதி. சுத்தமா மறந்துருச்சு."

"ம்."

"இப்பச் சொல்லுங்க. பச்சை எது?"

"திருத்தம் இல்லாதது பச்சை."

அவள் அப்போதுதான் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். எண்ணும்போதெல்லாம் பார்க்காமல் விட்ட முகத்தை நன்றாகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"இன்னொரு தடவை பாத்துரலாம்க்கா. மறுபடி காசு சுண்டுங்க."

நினைத்தது கையில் கிடைத்துவிட்டது. கமிட்டிக்கு இது போதும். யாராக இருந்தாலும் லட்டு வாங்கக் கிளம்பியிருப்பார்கள். இவள் காசு சுண்டச் சொல்கிறாள். பெரிய ஆள்தான் என்று நினைத்தேன். அப்படி நான் யாரையும் நினைத்ததில்லை.

பழைய சீட்டை உரித்தேன். காசு சுண்டினேன். இந்தத் தடவை வேறு மாதிரி விழுந்தது. ஒட்டினேன். அன்றைக்கும் மறுநாளும் நான் யாரிடமும் அதிகம் பேசவில்லை. வாயைத் திறந்தால் கலர் வெளியே வந்துவிடுமோ என்று இருந்தது.

மறுநாள் மறந்தது மஞ்சள். அந்தத் தடவை திருத்தம் இல்லாதது மஞ்சள்தான்.

அதற்குப் பிறகுதான் சிரித்தாள். வராந்தாவுக்குப் போய் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது.

"அத்தா, ஈ மறந்துருச்சு."

அந்தப் பக்கம் கடையில் யாரோ விலை கேட்டார்கள்.

"நல்லதாம்மா, கெட்டதா?" என்றார் பாய்.

"நல்லது அத்தா."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப மறக்கட்டும்."

கமிட்டியில் என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்தியிருந்தது. நான் டீ கொண்டு உள்ளே போனபோது வெளியூர்ப் பெரியவர் ஒருவர், "இந்தச் சூடத்தை ஏன் எழுதியிருக்கீங்க? இதை விட்டிருக்கலாமே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள், "நடந்தது சார்" என்றாள். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். தேறிவிட்டாள் என்று சாயங்காலம் சார் சொன்னார்.

இப்போது அவள் வேறு ஊரில் இருக்கிறாள். அங்கேயும் ஈதான். அங்கே சோறு மெஷினே கிண்டுமாம். அடிப்பிடிக்காதாம். போனில் சொன்னாள். நல்லது என்றேன்.

இந்த வருஷ ஆயுத பூஜையிலும் சூடம் மிச்சமானது. ஸ்டோர் அண்ணன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைக்கலாம் என்று சுற்றிப் பார்த்தார். வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். ஊருக்குக் கொண்டுவந்து எங்கள் தெருக் கோயிலில் கொடுத்தேன்.

லீவு முடிந்து கல்லூரி கேட்டில் இறங்கி, வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மாடிக்குப் போய் அலமாரியைத் திறந்து, ஒரு டியூபை எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றும் அடிக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன்.